பூக்காத அரைவட்டம்

மார்ச் 3, ஞாயிறு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நான்காவது தாளில் கை தானாக 'அக்கா' என்று எழுதிவிட்டது. பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். இங்கே மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்து, வெளியே சொல்லும்படி குறை ஏதும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் காய்ச்சல், தலைவலி என்று யாரும் படுக்காமல் இருக்க வேண்டும்.

நான் யார் என்பது இதற்குள் புரிந்திருக்கும். உங்கள் தங்கை வாழ்ந்த வீட்டில் ஐந்து மாதமாக இருக்கிறேன். 'என் கணவர்' என்று எழுதினால் உங்களுக்கு வலிக்கும். 'உங்கள் தங்கை கணவர்' என்று எழுதினால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதனால் 'வாண்டுவின் அப்பா' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அதில் யாருக்கும் சண்டை இல்லை. அவரிடம் இருந்த உங்கள் எண்ணுக்குப் போன் செய்தால் யாரோ ஒருவர் எடுத்து ராங் நம்பர் என்கிறார். இந்த முகவரி சமையலறை இழுப்பறையில், உங்கள் தங்கையின் நோட்டில் கிடைத்தது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடியில் இருக்கும் செடிகள் சாகின்றன. கொல்வது நான்தான்.

பத்து மணிப் பூ, டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்களே, அந்தச் செடிகள். நான் வந்தபோது நாற்பத்தோரு தொட்டி இருந்தது. ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் உங்கள் தங்கை பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். 'பல் டாக்டர் வாசல் ரோஸ்'. 'பஸ் ஸ்டாப் வெள்ளை'. 'பேங்க் ஆரஞ்சு, வாட்ச்மேன் பார்க்கவில்லை'. போகிற வருகிற இடத்திலெல்லாம் ஒரு துண்டைக் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் தொட்டியில் 'அக்கா மஞ்சள்' என்று இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் கேட்கத் துணிந்தேன்.

செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். வந்தவள் வாடவிட்டுவிட்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். தண்டெல்லாம் கறுத்துக் கூழாகி, தொட்டால் கையோடு வருகிறது. இப்போது பத்தொன்பது தொட்டிதான் மிச்சம். அவையும் நீளமாகத் தொங்குகின்றனவே தவிர, பூவைக் காணோம்.

எனக்கு வேலை, பல் செட் செய்வது. டாக்டர்கள் எடுத்த வாய் அச்சு எங்கள் கடைக்கு வரும். மெழுகு வைத்து, பல் பதித்து, தேய்த்துக் கொடுப்போம். நாளெல்லாம் ஊராருடைய பல்லைக் கையில் வைத்திருப்பவளுக்கு வீட்டில் வாய் திறக்கத் தெரியவில்லை. முக்கியமாக வாண்டுவிடம். அந்தப் பெயரை நீங்கள்தான் வைத்தீர்களாமே? இப்போது வந்து பார்த்தால் பெயரை மாற்றிவிடுவீர்கள். பிள்ளை வீட்டில் இருக்கிறாளா என்று கட்டிலுக்கடியில் குனிந்து தேட வேண்டியிருக்கிறது. என்னிடம் 'வாங்க, போங்க, போதுங்க' என்று பேங்க் மேனேஜரிடம் பேசுவது போலப் பேசுகிறாள். பள்ளியில் இடம் போதாமல் அவள் வகுப்பை மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் தினமும் ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். "நான் படிக்கிற நேரம். நீங்க வராதீங்க" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். பதினொன்றுக்கு இறங்கி வந்து குளித்து, சாப்பிட்டு, கிளம்புவாள். பிறகு நானும் கிளம்புவேன்.

செடி அழுகியதைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கறுத்த தண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வெயில் பட்டதாலயா?" என்று கேட்டாள். இல்லை, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றேன். "வெயிலால இல்லையே? நல்லாத் தெரியுமா?" என்று திரும்பவும் கேட்டாள். நல்லாத் தெரியும் என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அக்கா.

உங்கள் தங்கைக்குத் தொட்டியில் மட்டுமா எழுதும் பழக்கம்? சர்க்கரை டப்பாவில் 'எறும்புக்கு அல்ல' என்று இருக்கிறது. குளியலறைக் கதவில் 'தாழ்ப்பாளை மேலே தூக்கித் தள்ளு'. அடுப்புக்கு மேலே 'மூடினாயா? திரும்பிப் பார்'. ஐந்து மாதத்தில் இந்த வீட்டில் என்னோடு அதிகம் பேசியவர் உங்கள் தங்கைதான். அந்தத் 'திரும்பிப் பார்' என்பதை எத்தனை முறை படித்தாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். மாடிக் கதவருகே அவருடைய நீல ரப்பர் செருப்பு இன்னும் கிடக்கிறது. எடுத்து வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. தாண்டித்தான் போகிறேன்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. மாடியில் தனியாக நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மாதிரி பயமெல்லாம் இருட்டில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இங்கே வெயில் ஏற ஏறத்தான் வருகிறது. ஒரு நாள் சட்டை காற்றில் விழுந்துவிட்டதே என்று பத்து மணிக்கு ஏறினேன். மிச்சமிருந்த பூக்கள் அத்தனையும் அப்போதுதான் முகத்தைத் திறந்துகொண்டிருந்தன. வாண்டு தண்ணீர் டாங்க் பக்கம் நின்று என்னையே பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்கோ பிடரியில் சில்லென்று நிழல் விழுந்தது போல இருந்தது. சட்டையை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

இந்தச் செடியை உங்கள் தங்கை எப்படி வளர்த்தார் என்று ஒரு வரி எழுதினால் போதும். என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டில் இருப்பவள்


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய பொட்டலம் தபாலில் போட்ட மூன்றாம் நாளே வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். செய்தித்தாளில் சுருட்டிய பன்னிரண்டு துண்டும் ஒரு சின்னச் சீட்டும்தான். 'பாதி மணல், பாதி மண். அடியில் ஓட்டை. முழு வெயில். இலை சுருங்கினால் மட்டும் தண்ணீர். பாவம் பார்த்து ஊற்றாதே.' ஊற்றாதே என்று எழுதியிருந்தீர்கள், ஊற்றாதீர்கள் என்று இல்லை. திட்டா, உரிமையா என்று தெரியவில்லை. உரிமை என்று எடுத்துக்கொண்டேன். தவறாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

சொன்னபடியே செய்தேன். உங்கள் சீட்டைப் பற்றி வாண்டுவின் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் வேலைக்குப் போன கட்டடத்திலிருந்து மணல் கொண்டுவந்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் என்பதால் துளை போடும் இயந்திரம் கையிலேயே இருக்கிறது. எல்லாத் தொட்டிக்கும் அடியில் ஓட்டை போட்டார். எல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்துதான். மணல் மூட்டையைத் தோளில் சுமந்து மாடிப்படியின் கடைசிப் படிவரை வந்தார், அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஊரில் இருக்கிற உயரமெல்லாம் ஏறி இறங்குகிறவர், அந்தக் கதவைத் தாண்டமாட்டார்.

நீங்கள் அனுப்பிய துண்டுகள் நூலாகச் சுருங்கியிருந்தன. நம்பிக்கை இல்லாமல்தான் மணலில் குத்தி வைத்தேன். நான்காம் நாள் தலையைத் தூக்கின. ஒரு மாதத்தில் மொட்டு. பூத்து முடிந்த நுனியைக் கிள்ளி அதையும் குத்தினேன், அதுவும் பிடித்துக்கொண்டது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் சும்மா இருப்பதுதான். இப்போது முப்பத்தெட்டுத் தொட்டி. காலையில் ஏறிப் பார்த்தால் மாடி முழுக்கக் கலர் கலராகச் சிரிப்பு. ஓர் இடத்தைத் தவிர.

அந்த இடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். கைப்பிடிச் சுவர் ஓரத்தில், ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு வெறும் தரை இருக்கிறது. அங்கே உங்கள் தங்கை தொட்டி வைக்கவில்லையே என்று நானும் வைக்கவில்லை. அதைச் சுற்றி அரைவட்டமாக ஏழு தொட்டி. அந்த ஏழு மட்டும் பூப்பதில்லை. மொட்டு வைக்கிறது, தடியாகிறது, ஆனால் பதினொரு மணிக்கு நான் துணி எடுக்கப் போகும்போது மற்றதெல்லாம் விரிந்து கிடக்க, இவை மட்டும் கையை இறுக்கி மூடிக்கொண்டது போல இருக்கின்றன.

உங்கள் சீட்டை எடுத்துப் படித்தேன். முழு வெயில். அங்கேயும் முழு வெயில்தான். மரம் இல்லை. டாங்க் நிழல் மறுபக்கம் விழுகிறது. பக்கத்துக் கட்டடம் எங்களைவிடத் தாழ்வு. சரி, செடியில்தான் கோளாறு என்று இரண்டு தொட்டியைத் தூக்கி மாடிக் கதவுப் பக்கம் வைத்து, அங்கே நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த இரண்டை இங்கே வைத்தேன். மறுநாள் அங்கே போனவை பூத்துவிட்டன. இங்கே வந்தவை மூடிக்கொண்டன. மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன் அக்கா. கோளாறு செடியில் இல்லை. அந்த இடத்தில்தான்.

கீழ்வீட்டில் துணி தைக்கும் அம்மாவிடம் வாண்டுவின் பள்ளிப் பாவாடையை மடித்துத் தைக்கக் கொடுத்தபோது, மாடியில் அந்த மூலையை ஏன் காலியாக விட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு, "உனக்குத் தெரியாதா? அங்கதாம்மா கிடந்தாங்க" என்றார்.

வாண்டுவின் அப்பாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, காலையில் சண்டை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார், எழுந்து தேடும்போது மணி ஒன்று. இவ்வளவுதான் சொன்னார். எதற்குச் சண்டை என்றேன். நினைவில்லை என்றார். முதலில் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, உண்மையிலேயே நினைவில்லை என்று தெரிந்தது. அதுதான் அவரைத் தின்கிறது. பூ மூடிக்கொள்வதைச் சொன்னேன். "வெயில்ல நின்னு உனக்குத் தலை சுத்தியிருக்கும்" என்றார்.

போன வாரம் துணிக்கூடையோடு படியேறியவள் பாதியில் நின்றுவிட்டேன். மேலே வாண்டுவின் குரல். "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றாள். பிறகு நிறுத்தினாள், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்பது போல. "இல்ல, கை வலிக்கல" என்றாள். பிறகு இன்னொரு நிறுத்தம். மேலே அவளைத் தவிர ஒருவரும் இல்லை. ஏறிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கூடையோடு வந்த வழியே இறங்கிவிட்டேன். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இறங்கினேன் என்பதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். உங்கள் தங்கைக்கு என்னைப் பிடிக்கவில்லையா? கோபம் வந்தால் அவர் எப்படி இருப்பார்? நான் எதையும் எடுத்துக்கொள்ள வரவில்லை. எனக்குப் பிள்ளை பிறக்காது என்று தெரிந்துதான் என்னைப் பெண் கேட்டார்கள். தெரிந்துதான் நானும் வந்தேன். உங்கள் தங்கை பிள்ளையை அவர் பிள்ளையாகவே பார்த்துக்கொள்வேன். இதை யாரிடம் சொன்னால் அவருக்குப் போய்ச் சேரும் என்று தெரியாமல்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பதில் எழுதுங்கள் அக்கா. சீட்டாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டில் இருப்பவள்


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வரவில்லை. வராது என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வந்தாலும் வராவிட்டாலும் இது உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய செய்தி. உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

பதினொரு நாளுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, எங்கள் கடைக்கு விடுமுறை. வாண்டு வழக்கம்போல ஒன்பதுக்கு மேலே போய்விட்டாள். பத்தரை இருக்கும், மறுபடி அந்தக் குரல். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

அந்த வெறும் தரைக்குப் பக்கத்தில் வாண்டு நின்றுகொண்டிருந்தாள். கையில் விரித்த குடை. ஒரு கம்பி முறிந்த கறுப்புக் குடை. இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டியிருந்தாள். அவள் தலைக்கு மேல் குடை இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டுகிறது, சுடுகிற தரையில் வெறுங்கால். குடை அந்தக் காலித் தரைக்கு மேல் இருந்தது. நிழல் அந்தத் தரையில் விழுந்து, ஏழு தொட்டிமேலும் விழுந்தது. அத்தனை நாள் நான் பயந்த அரைவட்டம் அதுதான், அக்கா.

சத்தம் போட்டால் பயந்துவிடுவாள் என்று மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்று நானும் குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடவில்லை. கை வலிக்குதா என்று கேட்டேன். "மாத்தி மாத்திப் பிடிப்பேன்" என்றாள். யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டேன். "அம்மாவுக்கு" என்றாள். எவ்வளவு நேரம் என்றேன். "அன்னைக்கு நடுவுல விட்டுட்டேன்ல" என்றாள்.

பிறகு குடையைப் பிடித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். அன்று சண்டை முடிந்ததும் உங்கள் தங்கை மாடிக்குப் போனாராம். போகும்போது வாண்டுவிடம், "அப்பாவை எழுப்பாதே, இன்னிக்கு நான் அவர் மூஞ்சியைப் பார்க்கிறதா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சிறிது நேரம் கழித்து இவள் ஏறிப் பார்த்தால் அம்மா தொட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தார். கோபத்தில் படுத்துத் தூங்குகிறார் என்று நினைத்தாள். அப்பாவும் கீழே அப்படித்தானே படுத்திருந்தார்? வெயிலாக இருக்கிறதே என்று அப்பாவின் குடையை எடுத்துவந்து பிடித்தாள். ஏழு வயதுப் பிள்ளை. எவ்வளவு நேரம் பிடித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பூவெல்லாம் மூடுகிற வரைக்கும் என்கிறாள். பிறகு கை வலித்தது. குடையை அம்மா தலைமாட்டில் வைத்துவிட்டுக் கீழே போய்த் தண்ணீர் குடித்தாள். டிவி பார்த்தாள்.

"நான் டிவி பார்த்தப்பதான் வெயில் பட்டுடுச்சு" என்றாள்.

நாங்கள் இருவரும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் அது உங்களிடமிருந்து திருடியது போல ஆகும். வாண்டு குடை பிடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் தங்கை உதடு அசைந்ததாம். "அக்கா" என்றாராம். இரண்டு தரம். இவளுக்கு அது புரியவில்லை. 'அக்கா மஞ்சள்' தொட்டியைக் கேட்கிறார் என்று நினைத்து, அந்தப் பக்கத்திலிருந்து இழுத்து இழுத்துக் கொண்டுவந்து அம்மா முகத்துக்கு நேராக வைத்தாளாம். உங்கள் தங்கை உங்களைக் கூப்பிட்டார், அக்கா. அந்த நேரத்தில் பிள்ளையால் முடிந்தது அதுதான்.

அன்று மாலையே வாண்டுவின் அப்பாவிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிக்கு ஓடிப்போனபோது விரித்த குடை பக்கத்தில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். வெயிலுக்கு உங்கள் தங்கையே எடுத்துப்போயிருப்பார் என்று நினைத்திருக்கிறார். பிறகு அந்தக் குடையைக் காணவில்லை என்று அவர் தேடவும் இல்லை. வாண்டு டாங்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். கேட்டு முடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல மறுபடி உட்கார்ந்தார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தாண்டினார். பத்து மணி வெயிலில் நேராகப் போய் அந்த வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாண்டு பதறிப்போய், "அப்பா, வெயிலு, அங்க வேணாம்பா" என்று குடையை எடுத்துவந்து அவருக்குப் பிடித்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் கை நடுங்க ஆரம்பித்தது. மாற்றிப் பிடித்தாள். மறுபடி நடுங்கியது. "கீழ வெச்சிடும்மா" என்றார். அவள் வைக்கவில்லை. "நான் இங்கயேதான் இருக்கேன். வெச்சுப் பாரு" என்றார். வைத்தாள். வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணைக் கூடச் சிமிட்டாமல். வெயில் அவர் மேல் பட்டது. அரை மணி நேரம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தொட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து ஏறிப் பார்த்தால், அந்த ஏழு தொட்டியும் மறுபடி மூடியிருந்தன.

நான் வேலை செய்துகொடுக்கும் பல் டாக்டர் மூலமாக, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். மூளையில் ரத்தக்குழாய் உடைந்தது, அதற்கும் வெயிலுக்கும் குடைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னார். வாண்டுவை அவரிடமே கூட்டிப்போய் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில், "அப்பாவை எழுப்பியிருந்தா?" என்றாள். அதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அம்மா எழுப்பாதே என்றார்கள், நீ எழுப்பவில்லை, அவ்வளவுதான் என்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆனா பெரியம்மா சொன்னாங்களே" என்றாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள்தான் சொன்னாள். அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது நீங்கள் வாசலில் நின்று, "பக்கத்துலயே இருந்து கொன்னுட்டீங்களே" என்று கத்தினீர்களாம். வாண்டுவின் அப்பாவைத்தான் சொல்லியிருப்பீர்கள். தங்கை கணவருக்குக் கொடுக்கும் மரியாதையை அந்த நேரத்திலும் உங்கள் வாய் விடவில்லை, அதனால் 'கொன்னுட்டீங்களே' என்று வந்திருக்கிறது. ஆனால் அவர் அன்று பக்கத்தில் இல்லை. கீழே, சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தார். பக்கத்திலேயே இருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். 'நீங்க' என்றால் ஒருவர் என்றும் இருக்கலாம், இரண்டு பேர் என்றும் இருக்கலாம். அவள் அப்பாவையும் தன்னையும் சேர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நீங்கள் அவளைத் தொடாமல், பார்க்காமல் போய்விட்டீர்கள். வரவும் இல்லை. அவளுக்கு வேறு சாட்சி எதற்கு?

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தங்கையை அப்படித் தரையில் பார்த்தால் நான் இன்னும் மோசமாகக் கத்தியிருப்பேன். அந்த வார்த்தை உங்கள் மனதில் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. அவள் மனதில் அது தினமும் இரண்டு மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. நானும் சொல்லிப் பார்த்தேன், அவள் அப்பாவும் சொல்லிப் பார்த்தார், டாக்டரும் சொல்லிவிட்டார். சொன்ன வாய்தான் அது உன்னை இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

குடையைப் பிடுங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. செய்யவில்லை. இப்போது ஒன்பது மணிக்கு நானும் அவளோடு போகிறேன். வேண்டாம் என்று சொல்வதில்லை. அவளுக்குக் கை வலிக்கும்போது நான் வாங்கிப் பிடிக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் தங்கையிடம் அவள் பேசுவதை நான் தடுப்பதும் இல்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடு நிற்கப் பழகிக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் அக்கா. எனக்கு வேண்டாம். வாண்டுவின் அப்பாவுக்கும் வேண்டாம். அவரை மன்னியுங்கள் என்று கேட்க நான் யார்? அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது. உறையின் மேல் அவள் பெயரை மட்டும் எழுதுங்கள். இதுவரை அவள் பெயருக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. நேரில் வர மனம் வந்தால் இன்னும் நல்லது. பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன். வீட்டில் நான் இருப்பது சங்கடம் என்றால், நீங்கள் இருக்கும்வரை கடையிலேயே இருந்துகொள்வேன்.

நான் உங்களுக்கு எழுதுவது இந்த முறை அவளுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதில் வர எத்தனை நாளாகும் என்று கேட்டாள். போக மூன்று நாள், வர மூன்று நாள், பெரியம்மா யோசிக்க ஒரு நாள் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "யோசிக்க ரெண்டு நாள் வெச்சுக்கலாம்" என்றாள்.

உங்கள் கைக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாண்டுவோடு காத்திருப்பவள்